அரைப்பேரும் ஆகுபெயரும்

ஊவா மாகாணத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆங்கில வகுப்பறைச் சுவரைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு பட்டியல் தொங்கும். பிரிஸ்டல் போர்ட்டில் இரண்டு நிறப் பேனைகளால் எழுதியது. சிமிலி, மெட்டஃபர், பெர்சனிஃபிகேஷன், அலிட்டரேஷன், ஐரனி, சிம்பல், தீம், டோன், செட்டிங் என்று கீழே கீழே போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம், பக்கத்தில் ஓர் உதாரணம். சிமிலி என்றால் அவன் சிங்கத்தைப் போன்ற வீரன். மெட்டஃபர் என்றால் அவன் ஒரு சிங்கம். பதுளையிலும் அதே சிங்கம், லுணுகலையிலும் அதே சிங்கம், அப்புத்தளையிலும் அதே சிங்கம். பட்டியலை எழுதிய ஆசிரியர் சிங்கத்தைக் கண்டிருந்தால் அது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில்தான் இருக்கும். மாணவரில் பலர் அதையும் கண்டதில்லை.

அப்புத்தளைக்கும் வெலிமடைக்கும் இடைப்பட்ட கிராமமொன்றில் இருபது வருடங்களாக நான் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். எமது பாடசாலைக்கு இரண்டு வழியால் பிள்ளைகள் வருகிறார்கள். கீழ்ப்பக்கமிருந்து முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகள். அவர்களது வாப்பாமார் மரக்கறி வியாபாரம், லொறி, சில்லறைக் கடை. மேல்பக்கமிருந்து தோட்டத்து லயங்களின் பிள்ளைகள். அவர்களது அம்மாமார் கொழுந்து பறிக்கிறார்கள். இரு சாராரும் பேசுவது தமிழ். காலைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குள் நுழைந்ததும் இரு சாராரும் ஒன்றுபோல் மௌனமாகும் பாடம் ஆங்கிலம். அந்த மௌனத்தைப் பற்றியும், இலக்கியக் கலைச்சொற்கள் என்று நாங்கள் கற்பிக்கும் அந்தப் பட்டியலைப் பற்றியும்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

க.பொ.த. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கிய நயம் என்றொரு விருப்பப் பாடம் உண்டு. தமிழ் இலக்கிய நயம், அறபு இலக்கிய நயம் என்பவையும் உண்டு. கடைத்தெருவில் நயம் என்றால் மலிவு என்றுதான் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே இலக்கிய நயம் என்றதும் இலேசாகப் புள்ளி கிடைக்கும் பாடம் என்று நினைத்துச் சிலர் வந்து சேர்வதும் உண்டு. வந்த பிறகுதான் டெனிசனும் புளேக்கும் எமிலி டிக்கின்ஸனும் நிற்பது தெரியும். அவர்களைக் காட்டிலும் பயமுறுத்துவது அந்தச் சொற்பட்டியல். சொல்லைப் பாடமாக்கியவன் கவிதையைப் படிப்பதில்லை. கவிதையைப் படித்துச் சிரித்தவன் சொல் தெரியாமல் புள்ளி இழக்கிறான்.

இந்தச் சொற்கள் எனக்கு முதலில் வந்து சேர்ந்தது ஆசிரியர் கலாசாலையில், 2003 ஆம் ஆண்டளவில். ரோனியோத் தாள்களில் வந்தன. மை மங்கிய இடங்களைப் பக்கத்தில் இருப்பவரின் தாளைப் பார்த்து நிரப்பிக்கொள்வோம். விரிவுரையாளர் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்திலேயே சொல்வார், ஆங்கிலத்திலேயே விளக்குவார். தமிழில் ஒரு வார்த்தை வாயில் வந்தால் தண்டம் கட்டவேண்டும். என் அறைத்தோழர் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். விளக்குப் போன பிறகும் விளக்கங்களை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஓரிரவு திடீரென எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "மச்சான், இது நம்ம தமிழ்ப் பாடத்துல படிச்ச உவமைதானே? ஏன் இவங்க ஒருத்தரும் அதச் சொல்றாங்கல்ல?"

அந்தக் கேள்வியை நான் கலாசாலையிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்தேன். சான்றிதழோடு சேர்த்து எடுத்துவந்த பொருள்களில் இன்றும் பயன்படுவது அதுதான்.

எமது பாடசாலையின் ஆசிரியர் அறையில் மூன்று கதிரைகள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்றில் தமிழ் ஆசிரியை. அடுத்ததில் இஸ்லாம் கற்பிக்கும் மௌலவி. அறபுக் கல்லூரியில் ஓதிப் பட்டம் பெற்றவர். மற்றது எனது. ஒருநாள் தேத்தண்ணி இடைவேளையில் சிமிலிக்குப் பயிற்சி தயாரித்துக்கொண்டிருந்தேன். மௌலவி எட்டிப் பார்த்து, "இது தஷ்பீஹ் தானே சேர்? எங்களுக்கு இத நாலு உறுப்பாப் பிரிச்சிச் சொல்லித் தந்தாங்க" என்றார். தமிழ் ஆசிரியை கொப்பியிலிருந்து தலை நிமிர்த்தினார். "எங்களுக்கும் நாலுதான்" என்றார்.

அன்று அந்த மேசையில் ஒரு பழைய தவணைப் பரீட்சைத் தாளின் பின்புறத்தில் நாங்கள் மூவரும் எழுதியதை அப்படியே தருகிறேன். பனி வெள்ளைத் துணிபோலத் தேயிலையை மூடியது என்று ஒரு வசனம். பனி என்பது உவமேயம், அறபில் முஷப்பஹ். துணி என்பது உவமானம், முஷப்பஹ் பிஹி. 'போல' என்பது உவம உருபு, அதாத்துத் தஷ்பீஹ். வெண்மை என்பது பொதுத்தன்மை, வஜ்ஹுஷ் ஷபஹ். ஆங்கிலத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 1936 இல் வெளியான தமது நூலில் உவமேயத்தை டெனர் என்றும் உவமானத்தை வெஹிக்கிள் என்றும் பெயரிட்டார். இரண்டுக்கும் பொதுவான அடிப்படையை கிரவுண்ட் என்பார்கள். மீதி 'லைக்', 'அஸ்' என்ற இரு சொற்கள். எமது பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பில் அந்த இரு சொற்களை மட்டுமே அடையாளமாகக் காட்டிவிட்டு அப்பால் போய்விடுகிறோம். 'லைக்' என்று எங்கே கண்டாலும் சிமிலி என்று கோடு போடுகிறார்கள். 'எனக்கு வாழைப்பழம் பிடிக்கும்' என்ற வசனத்திலுள்ள 'லைக்'குக்கும் கோடு போட்ட கொப்பிகள் என் கைக்கு வந்திருக்கின்றன.

தமிழ் ஆசிரியை அதோடு நிற்கவில்லை. தொல்காப்பியர் உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகச் சொல்லியிருக்கிறார் என்று நினைவூட்டினார். செயலால் ஒப்பாவது வினை. விளைவால் ஒப்பாவது பயன். வடிவால் ஒப்பாவது மெய். நிறத்தால் ஒப்பாவது உரு. மறுநாள் பத்தாம் தர ஆங்கில வகுப்பில் இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி, சிங்கம், நிலா, ரோஜா மூன்றும் இன்று லீவு என்று அறிவித்தேன். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லவேண்டும், முதலில் தமிழில்.

அம்மா கொழுந்து கிள்ளும் விரல், கோழி கொத்துவது போல என்று ஒரு பிள்ளை சொன்னது. அது வினை. வாப்பா மழை காலத்துக் குடை மாதிரி என்று ஒருவன். அது பயன். கவ்வாத்து வெட்டிய மலை மொட்டை போட்ட தலை மாதிரி. அது மெய். மழை பெய்தால் ஓடை பால் தேத்தண்ணி மாதிரி. அது உரு. அந்த ஒரு பாடவேளையில் நாற்பது உவமைகளுக்கு மேல் கரும்பலகைக்கு வந்தன. அவற்றை ஆங்கிலத்தில் எழுதுவது அதன் பிறகு சொல் தேடும் வேலையாக மட்டுமே இருந்தது. கிள்ளுவதற்கு என்ன, கொத்துவதற்கு என்ன, மொட்டைக்கு என்ன என்று பிள்ளைகளே கேட்டார்கள். எனது வகுப்பில் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லொன்றைத் தாமாகக் கேட்டு வாங்குவது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

மெட்டஃபருக்கு வந்தபோது மூன்று கதிரைகளுக்கும் இடையில் சிறு தர்க்கம் உண்டானது. அதுவும் நன்மைக்கே. 'அவன் ஒரு சிங்கம்' என்பதை ஆங்கிலம் தயங்காமல் மெட்டஃபர் என்கிறது. தமிழ் உருவகம் என்கிறது. மௌலவியோ, "பலாகாவில இது இன்னும் தஷ்பீஹ்தான், தஷ்பீஹ் பலீஃக். இஸ்திஆரா ஆகணும்னா ரெண்டில ஒண்டு மறையணும்" என்றார். அதாவது 'அவன்' என்ற சொல்லே வராமல், ஒரு சிங்கம் மேடையேறிப் பேசியது என்று சொன்னால்தான் இஸ்திஆரா. இஸ்திஆரா என்ற சொல்லின் பொருள் இரவல் வாங்குதல். மெட்டஃபர் என்ற சொல்லின் கிரேக்க மூலத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சுமந்து செல்லுதல் என்ற பொருள் இருக்கிறது. கடைக்காரர் பிள்ளைகளுக்கு இரவல் உடனே விளங்கியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சுமந்து செல்லுதல் விளங்கியது. கொழுந்தைக் கூடையில் சுமந்து மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுப்பதை அவர்கள் தினமும் காண்கிறார்கள்.

மௌலவி மற்றொன்றும் சொன்னார். சூறா மர்யமில் ஸகரிய்யா நபியவர்கள் தமது முதுமையைச் சொல்லும் இடத்தில் தலையில் நரை தீயாகப் பற்றிப் படர்வதான ஓர் உருவகம் வருகிறது. 11 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி என்ற அறபு இலக்கணப் பேரறிஞர் இந்த இடத்தை எடுத்து ஆராய்ந்து, இதன் அழகு இரவல் வாங்கிய சொல்லில் மட்டும் இல்லை, சொற்கள் அடுக்கப்பட்ட முறையிலும் இருக்கிறது என்று காட்டுகிறார். ஆயிரம் வருடங்களுக்கு அண்மித்த ஒரு வகுப்பறைப் பாடம் இது. எமது பிள்ளைகள் அந்த சூறாவை ஓதுகிறார்கள். மாலையில் மத்ரஸாவில் ஓதும் நாவுக்கும் காலையில் மெட்டஃபர் என்று மனனம் செய்யும் நாவுக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறது. சுவரைக் கட்டியது பிள்ளையல்ல.

மூன்று மொழிகளும் எல்லா இடத்திலும் பொருந்திவிடும் என்று நான் சொல்லவரவில்லை. பொருந்தாத இடத்தை அறிவதும் படிப்புத்தான். ரைம் என்றால் எதுகை என்று பல கையேடுகளில் எழுதியிருக்கிறது. எதுகை அடிகளின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. ஆங்கில ரைம் பெரும்பாலும் வரியின் கடைசியில் வருவது. தமிழில் அதற்கு இயைபு என்ற தனிப் பெயர் இருக்கிறது. டெனிசனின் கழுகுக் கவிதை ஆறே வரிகள்; மும்மூன்று வரிகள் ஒரே ஓசையில் முடியும். அதில் இயைபு உண்டு, முதல் வரியிலேயே மோனை உண்டு. எதுகையைத் தேடினால் கிடைக்காது. கழுகுக்குக் கவிஞர் நகத்தைக் கொடுக்காமல் கையைக் கொடுத்திருக்கிறாரே, ஏன் என்று கேட்டேன். "அது தனியா இருக்குதே சேர், மனுசன் மாதிரி" என்றான் பின்வரிசைப் பையன். பெர்சனிஃபிகேஷன் என்ற சொல் அவனுக்கு அதன் பிறகுதான் தேவைப்பட்டது.

இதைவிடப் பெரிய குழப்பம் தீம், டோன் இரண்டிலும் இருக்கிறது. எமது நாட்டுத் தமிழ்ப் பாடங்களில் தீம் என்பதைத் தொனிப்பொருள் என்போம். டோன் என்பதைத் தொனி என்போம். பிள்ளை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. குற்றம் அதன்மேல் இல்லை. சில கையேடுகளில் தீம் என்பது கருப்பொருள். தமிழ்ப் பாடத்துக்குப் போனால் கருப்பொருள் என்பது அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில். ஆங்கில வகுப்பில் இந்த நாடகத்தின் கருப்பொருள் யாது என்று கேட்டால் கொக்கு என்று எழுதிய பிள்ளைக்குச் சுழியம் போடுவதா, தொல்காப்பியத்துக்காக ஒரு புள்ளி போடுவதா?

உண்மையில் முதல், கரு, உரி என்ற பழைய பிரிவு இந்த வகுப்புக்கு மிக உதவியானது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். ஆங்கிலத்தில் செட்டிங் என்பதும் இடமும் காலமும்தான். உரிப்பொருள் என்பது அந்த நிலத்தில் நிகழும் வாழ்வின் உணர்வு. தீம் என்ற சொல்லுக்குக் கிட்ட வருவது அது. கருப்பொருள் இரண்டையும் இணைக்கிறது. எங்கள் ஊரை எடுத்து எழுதச் சொன்னேன். நிலம் மலை. பொழுது விடியல், பனி. கரு தேயிலை, டர்பன்டைன் மரம், அட்டை, கொழுந்துக் கூடை, பிரட்டுக்களம், கோவில் தப்பு, பள்ளிவாசல் பாங்கு, மரக்கறி லொறி. உரி என்ன என்று கேட்டபோது வகுப்பு யோசித்தது. பழைய இலக்கணம் மலைக்குப் புணர்தலை வைத்தது. பிரிதல் என்று எழுதினாள் ஒரு பிள்ளை. அவளது அம்மா குவைத்தில். காத்திருத்தல் என்று எழுதினான் ஒருவன். அறிஞர் சித்திலெப்பை 1885 இல் எழுதிய அஸன்பேயுடைய கதையை ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்கிறோம். அவர் கண்டிக்காரர், கதை நடப்பதோ கெய்ரோவிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும். எழுதுபவன் இருக்கும் மலையும் கதை நிற்கும் நிலமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதையும் செட்டிங் என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

பாடத்திட்டத்தில் பல ஆண்டுகளாக இருந்துவந்த பாட்டொன்று யூசுப் இஸ்லாமுடையது. கெட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் அவர் 1970 இல் பாடிய தந்தையும் மகனும் பற்றிய பாட்டு. 1977 இல் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். இப்பாட்டைக் கற்பித்த ஒரு வாரத்தில் ஒரு மாணவனின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். மரக்கறி லொறிக்காரர், என்னைவிட மூத்தவர்.

"சேர், இங்கிலீஸ் பாடத்தில பாட்டுப் படிச்சிக் குடுக்கிறீங்களாமே? மகன் ஊட்ட உட்டுட்டுப் போறதப் பத்தியாம்?"

"ஓம் நானா. அதுல வாப்பாவும் பேசுறாரு, மகனும் பேசுறான். ரெண்டு பேர் பக்கமும் இருக்கு."

"எழுதினவர் யாரு பக்கம்?"

இருபது வருடத்தில் பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்ட மிகச் சிறந்த இலக்கியக் கேள்வி அது. கவிதையில் 'நான்' என்று பேசுபவர் கவிஞர் அல்ல, கவிஞர் அமைத்த ஒரு குரல். அதைத்தான் பேர்சோனா, ஸ்பீக்கர் என்கிறோம். இப்பாட்டு முதலில் ரஷ்யப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட ஒரு இசைநாடகத்துக்காக எழுதப்பட்டது. மகன் புரட்சியில் சேரப் புறப்படுகிறான், தந்தை தடுக்கிறார். நாடகம் நடைபெறவில்லை, பாட்டு மட்டும் மிஞ்சியது. பாடகர் ஒருவரே தந்தைக்குத் தாழ்ந்த குரலும் மகனுக்கு உயர்ந்த குரலும் கொடுத்தார். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அவரு ரெண்டு பேராவும் இருந்து பாத்திருக்காரு" என்றார். அகத்திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பேசுபவரைக் குறித்துவைத்த மரபு எங்களுடையது. 'கூற்று' என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் பேர்சோனாவுக்கு அரைப் பக்க விளக்கம் தேவையே இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு கலைச்சொல்லை ஒட்டிவிடவும் முடியாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பிறகு எமது மேற்பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் மழைக் கட்டுரைகள் மாறிவிட்டன. 'மழை இரவில் மலை இருமும்' என்று ஒரு சிறுமி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கொப்பியைப் பார்த்த ஒருவர் அதற்குக் கீழே பெர்சனிஃபிகேஷன், நன்று என்று எழுதினார். நான் அவளிடம் கேட்டேன். "கல்லு உருளுற சத்தம் சேர். பாட்டி முழிச்சிக்கிட்டே இருக்கும். இருமுனா எங்கள எழுப்பும்" என்றாள். அவளுக்கு அது அணி அல்ல, எச்சரிக்கை. அணியாகவும் இருக்கிறது. கலைச்சொல்லை எழுதிப் புள்ளி போடுவதற்கு முன்னர் பிள்ளையிடம் கேட்கவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பதினோராம் தரத்தில் 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். தோட்டத்துப் பிள்ளையொன்று நான்காம் வரியில், நேற்று அம்மாவுக்கு 'ஹாஃப் நேம்' என்று எழுதியிருந்தாள். தோட்டத்து வழக்கை அறிந்தவர்களுக்கு விளங்கும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். செக்ரோலில் பெயர் பதிந்தால் அன்றைய சம்பளம் உண்டு. சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். 'இன்னைக்கு எனக்கு அரைப்பேர்தான்' என்று சொல்லிக்கொண்டு கூடையை இறக்கி வைக்கும் பெண்ணை மலையகத்தில் எங்கும் காணலாம். அந்தக் கட்டுரை பின்னர் ஒரு போட்டிக்குப் போனது. அங்கே அந்த இரண்டு சொற்களையும் சிவப்பு மையால் வெட்டி, பொருளற்ற தொடர் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

தமிழ் இலக்கணத்தில் ஆகுபெயர் என்று படிக்கிறோம். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவது. ஊர் சிரித்தது என்றால் ஊரார் சிரித்தார்கள். அறபில் மஜாஸ் முர்ஸல் என்று மௌலவி சொல்வார். ஆங்கிலத்தில் மெட்டோனமி. தோட்டத் துரைமாரின் ஆங்கிலத்திலேயே தொழிலாளிக்குக் 'கை' என்று பெயர். இத்தனை கைகள் வேலைக்கு வந்தன என்று எழுதுவார்கள். கை என்றால் ஆள் என்பது ஆங்கிலத்தில் பொருளுள்ள தொடர் என்றால், பேர் என்றால் சம்பளம் என்பது ஏன் பொருளற்றதாகிறது?

அந்தப் பிள்ளையிடம் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து, இது ஆகுபெயர், இங்கிலீஷில் இதற்கு மெட்டோனமி என்று பெயர், எது எதற்கு ஆகி வந்திருக்கிறது என்று ஒரு வசனம் சேர்த்து எழுது என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பேர் முழுசாத்தான் சேர் இருக்கு. சம்பளம்தான் அரை." அதையே ஆங்கிலத்தில் எழுதினாள். ஏழெட்டுச் சொற்கள், இலக்கணப் பிழையும் இல்லை. சிவப்பு மையோடு வந்த கட்டுரையின் அடியில் அந்த வசனம் இப்போதும் இருக்கிறது.

இலக்கியக் கலைச்சொல் எதற்கு என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தான் எழுதிய வசனம் பொருளற்றது என்று மற்றொருவர் சொல்லும்போது, இல்லை, அது இவ்வாறு பொருள் தருகிறது என்று எடுத்துக்காட்டுவதற்கு ஒரு கருவி. பரீட்சைக்கு இரண்டு புள்ளி என்பது அதன் பின்னர்தான். கருவி இல்லாத பிள்ளை கொப்பியை மூடிவிடும். அடுத்த கட்டுரையில் அரைப்பேரை எழுதாது. ரோஜா போன்ற தாய், நிலவு போன்ற தாய் என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும். அப்படி ஒரு தலைமுறை தப்பித்துக்கொண்டால் தோட்டத்து ஆங்கிலத்தில் தோட்டத்துத் தாய் இருக்கமாட்டாள்.

அவள் இருக்கமுடியும் என்பதற்கு முன்னோடி உண்டு. மடகும்புர தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்க்கையை ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக எழுதினார். அதைச் சக்தீ அ. பால ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். 1969 இல் வெளிவந்தது. அதே சி.வி.தான் மலைநாட்டு மக்களின் நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். துரைமார் வாசிக்கும் மொழியில் எழுதிய கையும், லயத்துப் பாட்டைக் குறித்துவைத்த கையும் ஒன்றே. எமது பக்கத்தில் சித்திலெப்பை ஆங்கிலம் கற்ற சட்டத்தரணி. 1882 இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கித் தமிழில் எழுதினார், முஸ்லிம் பிள்ளைகள் ஆங்கிலமும் கற்கவேண்டும் என்று ஓயாது வலியுறுத்தினார். மாத்தளைப் பண்ணாமத்துக் கவிராயர் பிறமொழிக் கவிதைகளைக் 'காற்றின் மௌனம்' என்ற தொகுப்பாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இவர்கள் எவரும் மொழிகளுக்கு இடையில் சுவர் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் அல்லர்.

இன்று ஆங்கிலப் பாடத்துக்குக் கருத்தரங்குகள் உண்டு, கையேடுகள் உண்டு, தொலைபேசியில் செயலிகள்கூட உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பிள்ளையை ஒன்றும் தெரியாதவராக வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. தமிழில் ஆறு வருடம் அணி படித்து, மத்ரஸாவில் ஐந்து வருடம் குர்ஆன் ஓதி, வீட்டில் பாட்டியிடமோ உம்மம்மாவிடமோ ஆயிரம் பழமொழி கேட்டு வளர்ந்த பிள்ளை ஒன்றும் தெரியாதது அல்ல. அதற்குத் தெரிந்ததற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்பது மட்டுமே தெரியாது.

மலையக, முஸ்லிம் பாடசாலைகளுக்கென்று மும்மொழிக் கலைச்சொல் நூலொன்று வேண்டும். நூறு பக்கம் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் மரபில் என்ன பெயர், அறபு பலாகாவில் என்ன பெயர், ஆங்கிலத்தில் என்ன பெயர், மூன்றும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே பிரிகின்றன, எங்கள் பிள்ளைகளின் வாயிலிருந்து வந்த உதாரணம் என்ன என்று இருக்கவேண்டும். தண்டியலங்காரம் சொல்லும் முப்பத்தைந்து பொருளணிகளும் வேண்டியதில்லை. பரீட்சையில் வரும் இருபது சொற்கள் முதலில் போதும். எங்கள் பாடசாலையில் மூன்று கதிரைகளும் சேர்ந்து பதினான்கு சொற்கள் வரை எழுதி வைத்திருக்கிறோம். ஐரனியில் நிற்கிறோம். வஞ்சப்புகழ்ச்சி அதன் ஒரு பகுதியைத்தான் மூடுகிறது. மௌலவி ஒரு சொல் சொல்கிறார், தமிழ் ஆசிரியை ஒப்பவில்லை. இச்சஞ்சிகையின் வாசகர்களில் பலாகா ஓதியவர்களும் தமிழ் கற்பிப்பவர்களும் ஆங்கில ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஐரனிக்கு உங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து ஓர் உதாரணம் இருந்தால் எழுதியனுப்புங்கள். அடுத்த தவணை தொடங்குவதற்கு முன் கிடைத்தால் பத்தாம் தரத்துக்கு உதவும்.